போறணைச் சூடு

எருக்கலம்பிட்டி, மன்னார்
2024 ஜனவரி 18

அஸ்மினுக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக்கூடாது என்று உம்மா பழக்கிவிட்டார். ஆகவே, அஸ்ஸலாமு அலைக்கும். அதற்கு மேல் உனக்கு மரியாதை இல்லை.

என் மகள் றிஷ்னாவின் கல்யாணம் நல்லபடி முடிந்தது. நீ கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளை ரிஃபாஸ் நல்ல பிள்ளை. நம் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். பந்தலில் எல்லாரும் இருந்தார்கள், உன்னைத் தவிர. சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து, “பொண்ணுட மாமா எங்க?” என்று கேட்டார்கள். முதலில் பஸ் பிந்திவிட்டது என்றேன். பிறகு காய்ச்சல் என்றேன். கடைசியில் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

கேக் விஷயத்தை எப்படி மறப்பது? “மருமகளுக்கு நான்தான் கேக் போடுவன், கடையில ஓடர் குடுத்தா வாசலுக்கும் வரமாட்டன்” என்று துள்ளியவன் நீ. உன்னை நம்பி ஒரு மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். அந்தத் துணிதான் மிச்சம். றிஷ்னாவின் வாப்பா நெய்னார் மச்சான் கடைசி நேரத்தில் மன்னார் டவுனுக்கு ஓடி, யாரோ வாங்காமல் விட்ட பிறந்தநாள் கேக் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே எழுதியிருந்த பிள்ளையின் பெயரைச் சுரண்டிவிட்டுத்தான் மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்தோம். உன் மச்சான் இன்றுவரை உன்னைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அது ஏசுவதைவிட மோசம் என்று உனக்குத் தெரியும்.

கற்பிட்டி முழுக்க அந்தப் பேக்கரியில் உன் கையால் சுட்ட பாணைத் தின்கிறது. ஊருக்கு உபகாரி, வீட்டுக்குப் பகையா?

போனை அணைத்து வைத்திருக்கிறாய். கடிதத்தை அணைக்க முடியாது பார். உம்மா மவுத்தான பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன். என்ன குறை கண்டாய்? சபையில் உனக்கு மரியாதை குறைந்துவிடும் என்று யாரும் சொன்னார்களா? பதில் எழுது. எழுதாவிட்டால் இதுதான் கடைசி.

ஹவ்வா ராத்தா


கற்பிட்டி
2024 பெப்ரவரி 2

அன்புள்ள ராத்தா,

வஅலைக்கும் ஸலாம்.

நீங்கள் ஏசியதை மூன்றுதரம் வாசித்தேன். பிறந்தநாள் கேக் இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது.

குறை ஒன்றும் இல்லை. எனக்கு வருத்தம், உடம்புக்கு. காய்ச்சல், தடிமன் இல்லை. சொல்லிவிடுகிறேன். போனில் என்றால் உங்கள் குரலைக் கேட்டதும் வாய் கட்டிப்போகும். அதோடு உங்கள் வீட்டில் போன் பேசினால் பக்கத்து வளவுக்கும் கேட்கும், அப்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள்.

என் வலது கையில் முழங்கைக்குக் கீழே ஒரு மங்கல் திட்டு இருக்குமே, அழுக்குத் தேமல் என்று நீங்கள் எலுமிச்சம்பழம் பூசச் சொன்னது. அது பெரிதாகி, முதுகிலும் நாலைந்து வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. சொறியவில்லை, வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றை யார் கவனிப்பார்கள்?

போன நவம்பரில் ஒரு நாள் பாண் சுடுகிற போறணையிலிருந்து தட்டு எடுத்துக்கொண்டு நிற்கிறேன். உசனார் நானா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். உங்களுக்குத் தெரியும், பேக்கரி முதலாளிக்குத் தீய்ந்த வாசம் பட்டால் காசு எரிகிற மாதிரி. “என்னடா கருகுது?” என்றார். பாண் ஒன்றும் கருகவில்லை ராத்தா. என் கைதான். துணி விலகியிருந்தது. சின்ன விரல் பக்கம் தோல் வெந்திருக்கிறது, நான் கதை சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

தோல் கிளினிக்கில் ஷானிகா என்று ஒரு டொக்டர். சிங்களப் பிள்ளை, தமிழைத் தேடித் தேடிக் கதைப்பார். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், தொட்ட இடத்தைக் காட்டுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரம் காத்திருப்பது? “டொக்டர், தொடுங்களே” என்றேன். “தொட்டு முடிஞ்சுது” என்றார்.

தொழுநோய். சிங்களத்தில் லாதுரு. நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அந்தச் சொல்லை நான் எழுதவில்லை.

குணமாகும் என்கிறார். ஒரு வருடம் குளிசை. மருந்து தொடங்கிவிட்டால் அடுத்தவருக்குத் தொற்றாதாம், பாணால் தொற்றவே தொற்றாதாம். நம்பித்தான் வேலைக்குப் போகிறேன். உசனார் நானாவுக்குச் சொல்லவில்லை. கேக்குக்கு ரவையும் கஜுவும் வாங்கி வைத்திருந்தேன். முட்டையை உடைக்கப் போனபோது கை ஓடவில்லை. ஊருக்குப் பாண் போடக் கூசாத கை, மருமகளுக்குப் போடக் கூசியது. அதை விளக்க எனக்குத் தெரியாது.

இதை வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

தம்பி
அஸ்மின்


எருக்கலம்பிட்டி
2024 பெப்ரவரி 9

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன், றிஷ்னா வந்துவிடுவாளோ என்று. “உம்மா, என்ன எரிக்கிறீங்க?” என்று கேட்டே விட்டாள். கறண்ட் பில் என்றேன். என் புத்தியைப் பார்.

குளிக்கப் போனால் உடம்பெல்லாம் கிள்ளிப் பார்க்கிறேன். கோழி இறகால் தடவிப் பார்க்கிறேன். முழங்கால் முட்டியில் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்த இடம் தொழுது தொழுது காய்த்துப்போன இடம்.

இப்போது ஒன்று சொல்வேன், வெறுக்காதே. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. புது மருமகன் வீட்டில் இருக்கிறான். அவனுடைய தாய்க்கு இதில் ஒரு நூல் கிடைத்தால் போதும், கயிறே திரித்துவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ‘வராதே’ என்று எழுதிவிட்டு அதை அடித்துவிட மனம் வரவில்லை, அடிக்காமல் விடவும் மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

மருந்தை ஒழுங்காகப் போடு. ஒன்றை மட்டும் டொக்டரிடம் சொல்லி வை. நம் உம்மா எப்படிப் போனார் என்று சொல்லு. நீ கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. அகதியாகப் புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். காலில் புண் என்று டிஸ்பென்சரியில் ஒரு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் முகம் வீங்கி, உடம்பு சிவந்து, மூச்சு இழுத்து, என் மடியிலேயே முடிந்துவிட்டார். “றியாக்சன்” என்றார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெயரைச் சொல்லுமுன் அதைத்தான் சொல்வேன். நம் குடும்பத்து உடம்புக்கு மருந்து பகை. உடம்பு சிவந்தாலோ வீங்கினாலோ அடுத்த குளிசையைத் தொடாதே.

கடிதமே எழுது. போன் வேண்டாம்.

ஹவ்வா ராத்தா

மறந்துவிட்டேன். பாண் பிசையும்போது கையுறை போட்டால் என்ன? கேட்டேன், அவ்வளவுதான்.


கற்பிட்டி
2024 மார்ச் 5

அன்புள்ள ராத்தா,

‘வராதே’ என்ற சொல்லை நீங்கள் அடித்திருந்தாலும் நான் வாசித்திருப்பேன். பரவாயில்லை. நானும் உங்கள் இடத்தில் அதைத்தான் எழுதியிருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நல்ல செய்தி: மூச்சும் இருக்கிறது, முகமும் வீங்கவில்லை. கெட்ட செய்தி: உங்கள் தம்பி கருத்துவிட்டான். அந்தக் குளிசையில் ஒன்று தோலைக் கருக்குமாம். சிறுநீர் முதல் நாள் சிவப்பாகப் போனபோது முடிந்தேன் என்று நான் கலிமா சொல்லிவிட்டேன், அதுவும் குளிசை நிறம்தானாம். “கடலுக்குப் போறியா மாப்பிள்ளை, இப்பிடிக் காஞ்சிட்டாய்?” என்று மீன் லொறி யாகப்பு கேட்கிறான். ஓம் என்றேன். போறணைக்கு முன்னால் நிற்பவன் கருக்கிறதற்கு யாராவது காரணம் கேட்பார்களா என்று நினைத்தேன். கேட்கிறார்கள்.

டொக்டரிடம் ஒரு நாள் கேட்டேன், இந்தக் கிருமி எத்தனை காலமாக என்னிடம் இருக்கிறது என்று. பல வருடம் இருக்கலாம் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு முள் குத்தினால் மறுநாளே சீழ் பிடித்துத் துள்ள வைக்கிற உடம்பு, இதை மட்டும் ஏன் விட்டு வைத்தது? அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்களாம். எந்தக் கிருமி வந்தாலும் பிடித்து விழுங்கிவிடுவார்கள். இதையும் விழுங்கினார்கள். ஆனால் இது செரிக்கவில்லை. விழுங்கினவனின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து குஞ்சு பொரிக்கிறதாம். அவசரப்படாது, சத்தம் போடாது. நரம்பின் உறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காவல்காரர்களும் பழகிப்போய்ப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

“அப்ப இப்ப குளிசை போட்டா?” என்றேன்.

“இப்ப கிருமி சாகும். கிருமி செத்தா, உடம்பு முழிக்கும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. ஏதோ சொல்ல வந்து தமிழ் கிடைக்காமல் விட்ட மாதிரி இருந்தது. வெளியே நின்ற தாதி மிஸ்ஸி சிங்களத்தில் நீளமாக ஏதோ சொல்லி அனுப்பினார். பாதி விளங்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பஸ் நேரம்.

நோன்பு வருகிறது. எனக்காகத் துஆ செய்யுங்கள். நெய்னார் மச்சான் பேசத் தொடங்கிவிட்டாரா?

அஸ்மின்

கையுறை போட்டால் மா பதம் தெரியாது. ஆனாலும் போடுகிறேன்.


கற்பிட்டி
2024 ஏப்ரல் 24

ராத்தா,

பெருநாள் நன்றாகப் போயிருக்கும். என் கடிதம் பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது.

பெருநாள் கழிந்து திட்டுகள் எல்லாம் சிவந்துவிட்டன. இத்தனை வருடம் மங்கலாக, இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தவை, இப்போது ஒவ்வொன்றும் தடித்துச் சூடாக நிற்கின்றன. வலது புறங்கை போறணையில் பொங்கிய பணிஸ் மாதிரி வீங்கியிருக்கிறது. முழங்கையின் உள்பக்கம் ஒரு கயிறு ஓடுகிறது, தொட்டால் விரல் நுனிவரை மின்சாரம் அடிக்கிறது. நேற்று மா மூட்டை தூக்கும்போது அந்த இடம் கதவு நிலையில் இடித்துவிட்டது. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று தோல் கிளினிக் இல்லை. வாசலில் நின்ற ஒருவர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “றியாக்சன் எகக்” என்றார், இது ஒரு றியாக்சன் என்று சிங்களத்தில். செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் வரச் சொன்னார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு மற்றது ஒன்றும் கேட்கவில்லை. வீடு வந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அவரைத்தான் தேடினேன்.

குளிசை அட்டை மேசையில் இருக்கிறது. இன்றைக்குப் போட்டேன். நாளைக்கு என்ன செய்ய? உடனே எழுதுங்கள். யாகப்புவின் லொறி நாளை மன்னாருக்கு வருகிறது, அவனிடமே இதைக் கொடுக்கிறேன்.

அஸ்மின்


எருக்கலம்பிட்டி
2024 ஏப்ரல் 25

அஸ்மின்,

நிறுத்து. இன்றைக்கே நிறுத்து. நான் பெப்ரவரியிலேயே எழுதினேன், டொக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

யாகப்பு வாசலில் நிற்கிறான், லொறியில் ஐஸ் உருகுகிறது என்று அவசரப்படுத்துகிறான். அந்த அட்டையைக் குப்பையில் போடு. செவ்வாய்க்கிழமை போகாதே. போனால் இன்னொன்று எழுதித் தருவார்கள், அதற்குப் பிறகு என்ன என்று நான் என் மடியில் பார்த்தவள். கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடு. இளநீர் குடி. உடம்பு தானாக ஆறட்டும், பிறகு வேறு வழி பார்ப்போம்.

உம்மாவைக் கொண்டுபோனது உன்னையும் கொண்டுபோக நான் விடமாட்டேன்.

ராத்தா


கற்பிட்டி
2024 மே 14

அன்புள்ள ராத்தா,

நீங்கள் சொன்னபடி நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமைகள் வந்து போகின்றன. கிளினிக்கிலிருந்து அழைப்பார்கள் என்று போனின் சிம்மைக் கழற்றிவிட்டேன். மூச்சு முட்டவில்லை, முகம் வீங்கவில்லை. அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி.

ஆனால் கை இறங்கவில்லை. சிவப்பு கொஞ்சம் மங்கிய மாதிரி இருந்தது, பிறகு மறுபடியும் ஏறிவிட்டது. முழங்கை வலி தூங்க விடுவதில்லை. அதைவிட ஒன்று. சின்ன விரலும் பக்கத்து விரலும் மடங்கி நிற்கின்றன. நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் மடங்கும். சோற்றைப் பிசைந்தால் பருக்கைகள் விரலிடுக்கால் ஒழுகுகின்றன. கடையில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

முந்தாநாள் பாண் தட்டு கையிலிருந்து நழுவிவிட்டது. அவ்வளவும் மண்ணில். உசனார் நானா பாணைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். “கையக் காட்டு” என்றார். நான் பின்னால் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மாம்புரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெங்காயம் கட்டுகிறார்கள், அங்கே போய்ப் பார்த்தேன். வெங்காயத் தாளைக்கூடச் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை.

எழுத்து கோணலாக இருப்பதற்கும் அதுதான் காரணம். பேனையை மூன்று விரலால் பிடித்திருக்கிறேன். எனக்கு இந்தக் கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது ராத்தா. வேறு ஒன்றும் தெரியாது எனக்கு. மா பிசைய மட்டும்தான் தெரியும்.

அஸ்மின்


எருக்கலம்பிட்டி
2024 மே 20

தம்பி,

இதை வாசிக்குமுன் ஒரு வேலை செய். குளிசை அட்டையைக் குப்பையில் போடச் சொன்னேனே, நீ போட்டிருக்க மாட்டாய், நீ எதையும் எறியாதவன். அதைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள். பிறகு வாசி.

நான் பாவி. விஷயத்தைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தபிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. முழங்கால் வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு இங்குள்ள ஆஸ்பத்திரியில் தோல் டொக்டரிடம் போய் உன் வருத்தத்தைச் சொன்னேன். உன்னோடு ஒரு வீட்டில் இருந்தவள் என்பதால் என்னையும் பார்க்க வேண்டும்தானாம். தலை முதல் கால் வரை பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை. போகிற போக்கில், “தம்பிக்கு மருந்து றியாக்சன் ஆயிட்டு டொக்டர், நிப்பாட்டிட்டம்” என்றேன்.

அந்த மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “யார் நிப்பாட்டச் சொன்னது?” என்றார்.

நான்தான் என்று சொல்லாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

இந்த றியாக்சன் அந்த றியாக்சன் இல்லையாம் தம்பி. சொல்தான் ஒன்று. உம்மாவைக் கொன்றது மருந்தின் குற்றம். இது மருந்தின் குற்றம் இல்லை, உன் உடம்பே செய்கிற வேலை. நீ எழுதினாயே, காவல்காரர்கள் பழகிப்போய்ப் பேசாமல் இருந்தார்கள் என்று. குளிசை கிருமியைக் கொல்லக் கொல்ல, செத்ததின் துண்டுகளைக் கண்டு இப்போது விழித்துவிட்டார்கள். எங்கெங்கே கிருமி படுத்திருந்ததோ அங்கெல்லாம் அடிக்கிறார்கள். கிருமி படுத்திருந்தது நரம்புக்குள். ஆகவே அடி நரம்புக்கு விழுகிறது. முழங்கையில் அந்த நரம்பு ஒரு ஒடுக்கமான பொந்துக்குள்ளால் போகிறதாம். வீங்குவதற்கு இடம் இல்லை. மூடி போட்ட அச்சுக்குள் மா பொங்கினால் எப்படி நெரியும், உனக்குச் சொல்லவா வேண்டும்?

கிருமியைக் கொல்கிற குளிசையை நிறுத்தவே கூடாதாம். அதோடு காவல்காரர்களை அடக்குவதற்கு வேறு ஒரு குளிசை உடனே தொடங்க வேண்டும். “எத்தன நாளா விரல் மடங்கியிருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “இன்னும் நேரம் இருக்கு. ஆனா நாளைக்கு என்று சொல்லாதீங்க” என்றார். உன் மிஸ்ஸி சிங்களத்தில் நீளமாகச் சொன்னது இதுவாகத்தான் இருக்கும். றியாக்சன் வந்தால் ஓடி வா என்று சொல்லியிருக்கிறார். நான் ஓடாதே என்று எழுதியிருக்கிறேன்.

போன் எடுத்தேன், உன் போன் செத்துக் கிடக்கிறது. பேக்கரிக்கு எடுத்தேன், நீ வருவதில்லை என்றார்கள். காலைப் பஸ் கொண்டக்டரிடம் இதைக் கொடுக்கிறேன். நான் மச்சானுக்குச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். இனி மறைக்க எனக்குத் தெம்பு இல்லை, மருமகன் கேட்டாலும் சொல்வேன்.

நாளை செவ்வாய்க்கிழமை. கிளினிக் வாசலில் நில். எனக்காகக் காத்திருக்காதே, உள்ளே போ. போய் டொக்டரிடம் கையைக் காட்டு, பின்னால் கட்டாதே.

ராத்தா


கற்பிட்டி
2024 ஜூன் 30

ராத்தா,

இடது கையால் எழுதுகிறேன். முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. சிரிக்காதீர்கள்.

வலது கை கட்டையில் கட்டியிருக்கிறது. விரல் நிமிர்ந்து நிற்கட்டும் என்று. புதுக் குளிசையால் பசி. இரண்டு றாத்தல் பாண் தின்றாலும் அடங்கவில்லை. முகம் உருண்டுவிட்டது. உம்மாவின் முகம் இப்படித்தான் இருந்ததா?

முழங்கை வலி போய்விட்டது. விரல் இன்னும் வரவில்லை. டொக்டர் ஷானிகா ஒவ்வொரு முறையும் பஞ்சால் தொடுகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு பொய் சொல்லப் பார்க்கிறேன். பிடித்துவிடுகிறார். நரம்பு மெதுவாகத்தான் வரும், வந்தால் வரும், வராமலும் போகலாம் என்றார். அந்தக் கடைசிச் சொல்லைத் தமிழில் சரியாகச் சொன்னார்.

நீங்கள் உசனார் நானாவின் கடை வாசலில் நின்று போட்ட சத்தம் இப்போதும் ஊரில் கேட்கிறது. என் வருத்தத்தை அவரிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதும் நல்லதுதான். “சுகம் வந்தா பாப்பம்” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குப் பதிலாக நஸீம் என்று ஒருவன். பாண் கல்லு மாதிரியாம்.

பஸ்ஸில் ஏறும்போது நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதீர்கள் என்று தெரியும். ஒன்று சொல்கிறேன். நிறுத்தச் சொன்னது நீங்கள். நிறுத்த ஆசைப்பட்டது நான். கருப்பு மறையும், யாரும் கேட்கமாட்டார்கள் என்று. உங்கள் கடிதம் எனக்கு ஒரு சாட்டு. இனி அழக்கூடாது.

கை நோகிறது. இடது கை.

அஸ்மின்


எருக்கலம்பிட்டி
2024 ஆகஸ்ட் 11

என் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சாட்டு என்று எழுதியதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வரியைப் பல தடவை வாசித்தேன். இந்தக் கடிதத்தை எரிக்கவில்லை.

மருமகனுக்குச் சொல்லிவிட்டேன். பயந்தபடியே நடந்தது. ரிஃபாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனான். றிஷ்னா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். “மாமாவுக்கு வருத்தம் எண்டு எனக்கு ஏன் சொல்லல்ல? நான் அவர எவ்வளவு ஏசிட்டன்” என்று அதற்குத்தான் அழுதாள், புருஷன் போனதற்கு இல்லை. உன் மச்சான் அன்றைக்குத்தான் பேசினார். “அவன் வராததுக்கு நான் ஏசாம இருந்ததே நல்லது” என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்காதே.

மருமகன் ஒரு கிழமை கழித்துத் தாயோடு வந்தான். சம்பந்தியம்மா கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே, “கையக் காட்டுங்க மச்சி” என்றாள். காட்டினேன், இரண்டு கையையும் திருப்பித் திருப்பி. பிறகு தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குடித்தாள். முழுதும் குடிக்கவில்லை. மருமகன் தங்கிவிட்டான். தாயையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனதாக றிஷ்னா சொல்கிறாள். அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. இன்னும் வெளியில் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

பஞ்சு தெரிகிறதா? ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இதைத்தான் கேட்கிறேன், உன்னிடம் இல்லை, கேட்க வேண்டியவனிடம். சூடு தெரிகிறதா என்று நீயாகத் தொட்டுப் பார்த்துவிடாதே, இங்குள்ள டொக்டர் அதைக் குறிப்பாகச் சொன்னார். தெரியாத கைக்குச் சூடு எதிரியாம்.

கல்யாண வீட்டு மேசைத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ராத்தா


கற்பிட்டி
2024 நவம்பர் 17

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்தைப் பாருங்கள். எந்தக் கை என்று சொல்லத் தேவையில்லை.

உசனார் நானா தானே கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் கேட்டிருக்கிறார். என்ன கேட்டார், என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. வாசலில் வந்து நின்று, “திங்கக்கிழம வா, நஸீமுட பாணக் கோழியும் தின்னாது” என்றார். போகிறேன். சிலர் இப்போது வேறு கடையில் வாங்குகிறார்கள். சிலர் நான் நிற்கும்போது வாங்காமல் அப்புறம் வந்து வாங்குகிறார்கள். எனக்கு வலிக்கிறது, ஆனால் வலிப்பதைப் பற்றி நான் இனிக் குறை சொல்லமாட்டேன்.

பக்கத்து விரல் நன்றாக நிமிர்ந்துவிட்டது. சின்ன விரல் கொஞ்சம் குனிந்துதான் நிற்கிறது, அது அப்படியே நின்றுவிடக்கூடும் என்கிறார்கள். நிற்கட்டும். முகமும் கொஞ்சம் இறங்கிவிட்டது. கிருமிக் குளிசையும் முடியப்போகிறது. இடையில் நான் விட்டதைச் சேர்த்துப் போடச் சொன்னார்கள். ஆனால் பஞ்சு மட்டும் தெரியவில்லை ராத்தா. போன செவ்வாய்க்கிழமையும் தெரியவில்லை. அதை எழுத மனம் இல்லாமல்தான் இவ்வளவு நாள் கடிதம் எழுதவில்லை.

நேற்று வேலை முடிந்து போறணை ஆறத் தொடங்கியபோது உசனார் நானாவிடம் கேட்டு ஒரு கேக் போட்டேன். றிஷ்னாவுக்கு. ரவை, கஜு, முட்டை எல்லாம் புதிதாக வாங்கினேன். கையுறை இல்லாமல் குழைத்தேன், ஏசாதீர்கள், டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். பிறகு தட்டை வெளியே எடுக்கப் போனேன். இரண்டு கைக்கும் தடித்த துணி சுற்றியிருந்தேன். வலது பக்கத் துணி எப்படியோ நழுவி, சின்ன விரல் தட்டின் ஓரத்தில் பட்டுவிட்டது.

சுட்டது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. கையை இழுத்துவிட்டேன், யாரோ அடித்த மாதிரி. பிறகுதான் தெரிந்தது, இழுத்தது நான் இல்லை, கை தானாக இழுத்திருக்கிறது. “சுட்டுது! சுட்டுது!” என்று கத்தினேன். உசனார் நானா தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். “எங்கடா?” என்றார். சின்ன விரலைக் காட்டினேன். விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டார். விரலில் ஒரு சின்னக் கொப்புளம். இரவெல்லாம் எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், நன்றாக எரிந்தது. செவ்வாய்க்கிழமை டொக்டர் ஏசுவார், ஏசட்டும்.

யாகப்புவின் லொறியில் கேக் வருகிறது. மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளைத் துணியை எடுத்து விரியுங்கள். ஒரு பக்கத்து ஓரம் மட்டும் கருகியிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் போறணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததில் தட்டை வெளியே எடுக்க மறந்துவிட்டோம்.

தம்பி
அஸ்மின்